விரல் அசைகிறதா என்று பார்க்காதீர்கள்

ஏப்ரலில் கனடாவின் விஸ்லர் பனிச்சறுக்கு மலைக்குப் போய் மணிக்கட்டில் அடிபட்டவர்கள், மே மாதத்திலிருந்து என் கிளினிக்குக்கு வரத் தொடங்குவார்கள். சிலர் ஜூலையில் வருவார்கள். சென்ற வாரம் வந்த தம்பி செப்டம்பர் வரை இழுத்திருக்கிறார். வான்கூவரை அடுத்த சர்ரேயில் இருக்கும் நம் தமிழ்ப் பையன். "தரையில் கையை ஊன்றி எழுந்திருக்க முடியவில்லை டாக்டர், சுளுக்கு இன்னும் போகவில்லை" என்றார். எக்ஸ்ரேயில் மணிக்கட்டின் சின்ன எலும்பு ஒன்று இரண்டு துண்டாகக் கிடக்கிறது. ஐந்து மாதமாக அப்படியேதான் இருந்திருக்கிறது. (அவர் சம்மதம் சொன்ன பிறகுதான் இதை எழுதுகிறேன்.)

நடந்தது இதுதான். விஸ்லரில் 1996 முதல் ஏப்ரல் மாதத்தில் ஸ்கீ, ஸ்னோபோர்டு (இரண்டு காலையும் ஒரே பலகையில் மாட்டிக்கொண்டு பனியில் சறுக்குவது) விழா நடக்கிறது. பகலில் மலையில் சறுக்கலாம், மாலையில் அடிவாரத்துத் திடலில் மேடை போட்டுப் பாட்டுக் கச்சேரி. போர்டைக் கையில் பிடித்தபடி, பூட்ஸோடு அப்படியே மேடை முன் வந்து நிற்பார்கள். நானும் போயிருக்கிறேன், அருமையான விழா. நம் தம்பி அன்றுதான் முதல்முறையாக ஸ்னோபோர்டில் ஏறியிருக்கிறார். காலை பத்து மணி வாக்கில் பழகுபவர்களுக்கான சரிவில் முன்பக்கமாக விழுந்து, வலது கையை ஊன்றிவிட்டார். நல்ல வலி. கூட வந்த நண்பர், "விரலை அசைச்சுக் காட்டு" என்றிருக்கிறார். அசைந்தது. "அப்போ ஒடியல, சுளுக்குதான்" என்று தீர்ப்பும் சொல்லிவிட்டார். ஒரு கிரேப் பேண்டேஜ், இரண்டு வலி மாத்திரை, மதியம் பீர். மாலையில் அதே கையைத் தலைக்கு மேல் தூக்கி ஆடியிருக்கிறார். மறுநாள் கார் ஓட்டி வீடு திரும்ப, அம்மா தைலம் போட்டுச் சுளுக்கு வழித்துவிட்டார்.

எனக்கு அவர் மேல் கோபம் இல்லை. அந்த விரல் அசைக்கும் பரிசோதனை மேல்தான் கோபம். அதை யார் கண்டுபிடித்தார்கள் என்று தெரியவில்லை, ஆனால் நம் ஆட்கள் எந்த ஊரில் இருந்தாலும் முதலில் அதைத்தான் செய்கிறார்கள்.

கொஞ்சம் பொறுமையாகக் கேளுங்கள். விரல்களை மடக்கி நீட்டும் முக்கியமான தசைகள் விரலில் இல்லை, முன்கையில் இருக்கின்றன. இடது கையால் வலது முன்கையைப் பிடித்துக்கொண்டு வலது விரல்களை மடக்கிப் பாருங்கள், உள்ளே தசை அசைவது தெரியும். அங்கிருந்து நீளமான தசைநாண்கள் மணிக்கட்டைக் கடந்து விரல் நுனிவரை போகின்றன. மணிக்கட்டில் எட்டுச் சின்ன எலும்புகள் உண்டு. அவற்றில் ஸ்னோபோர்டு பழகுபவர்கள் உடைத்துக்கொள்வது பெரும்பாலும் கட்டைவிரல் பக்கம் இருக்கும் ஸ்காபாய்டு. விரலை மடக்கும் தசைநாண் எதுவும் இந்த எலும்பில் வந்து ஒட்டவில்லை. இது உடைந்தாலும் விரல்கள் மடங்கும், நீளும், போன் பிடிக்கும், பீர் டம்ளரும் பிடிக்கும். முன்கை எலும்பின் நுனி உடைந்தவர்கள்கூட என் எதிரில் உட்கார்ந்து விரல் அசைத்துக் காட்டியிருக்கிறார்கள். விரல் அசைவது நரம்பும் தசைநாணும் வேலை செய்கின்றன என்பதைத்தான் காட்டும். எலும்பைப் பற்றி அது எதுவுமே சொல்லாது. எதுவுமே.

வீக்கம் இல்லையே என்பார்கள். ஸ்காபாய்டு முறிவில் பல சமயம் பெரிதாக வீங்காது. கை கோணலாகவும் தெரியாது.

சரி, எதைப் பார்க்க வேண்டும்? கட்டைவிரலை நன்றாக மேலே நிமிர்த்துங்கள். அதன் அடியில், மணிக்கட்டை ஒட்டி, இரண்டு நாண்களுக்கு நடுவே ஒரு குழி விழும். மூக்குப்பொடி போடுகிற தாத்தாக்கள் பொடியை வைக்கும் இடம். அந்தக் குழிக்குள் மற்ற கையின் ஆள்காட்டி விரலால் அழுத்துங்கள். அடிபடாத கையிலும் அழுத்தி ஒப்பிட்டுக்கொள்ளுங்கள், ஏனென்றால் அங்கே எல்லோருக்குமே கொஞ்சம் கூச்சம் இருக்கும். அடுத்து, கட்டைவிரலை அதன் நீளவாக்கிலேயே மணிக்கட்டை நோக்கி லேசாகத் தள்ளுங்கள். இதில் எது சுரீரென்று வலித்தாலும், அதை முறிவு என்றே வைத்துக்கொண்டு அன்றைக்கே மருத்துவரிடம் போங்கள். வலிக்கவில்லை என்பதை வைத்து வீட்டிலேயே முடிவு கட்டாதீர்கள். மணிக்கட்டு மறுநாளும் வலித்தால் காட்டத்தான் வேண்டும்.

முதல் நாள் எக்ஸ்ரேயில் ஒன்றும் தெரியாமல் போகலாம், இது முக்கியம். விரிசல் அவ்வளவு மெல்லியது. சந்தேகம் இருந்தால் கட்டுப் போட்டு அனுப்பி, பத்துப் பதினைந்து நாளில் திரும்ப எக்ஸ்ரே எடுப்போம், அல்லது எம்.ஆர்.ஐ. பார்ப்போம். "எக்ஸ்ரே நார்மல்னு சொன்னாங்க" என்று அந்த இரண்டாவது வருகையைத் தவிர்ப்பவர்கள்தான் பிறகு என்னிடம் வருகிறார்கள்.

ஏன் இவ்வளவு அவசரம்? ஒரு முந்திரிப் பருப்பு அளவுள்ள இந்த எலும்புக்கு ரத்தம் பெரும்பாலும் விரல் பக்கத்து முனையில் நுழைந்து, பின்னோக்கித்தான் ஓடுகிறது. நடுவில் உடைந்தால் பின்பாதிக்கு ரத்தம் குறைந்துபோகும். சீக்கிரம் கண்டுபிடித்து, துண்டுகள் விலகாமலும் இருந்தால், ஆறிலிருந்து பன்னிரண்டு வாரம் மாவுக்கட்டில் பெரும்பாலும் கூடிவிடும். விட்டுவிட்டால் எலும்பு ஒட்டாமலே போகலாம். மணிக்கட்டு சில வருடங்களில் தேய ஆரம்பித்துவிடும், முப்பதுகளிலேயே முதியவர்களின் மூட்டுவலி. நம் தம்பிக்கு இப்போது இடுப்பெலும்பிலிருந்து ஒரு துண்டு எடுத்து வைத்து, ஸ்க்ரூ போட வேண்டும். ஏப்ரலிலேயே வந்திருந்தால் மாவுக்கட்டோடு முடிந்திருக்க வாய்ப்பு அதிகம்.

கணுக்காலிலும் இதே கதை உண்டு. வெளிப்பக்கம் வலியும் வீக்கமும் இருக்கும், எல்லோரும் சுளுக்கு என்பார்கள். ஸ்னோபோர்டில் குதித்து இறங்கும்போது கணுக்கால் மூட்டில் இருக்கும் டேலஸ் எலும்பின் ஓர் ஓரம் பெயர்ந்துவிடும். எக்ஸ்ரேயில் எளிதில் தப்பிவிடும், சி.டி. ஸ்கேனில்தான் தெளிவாகத் தெரியும். மருத்துவரிடம் "ஸ்னோபோர்டில் விழுந்தேன்" என்று வாய்விட்டுச் சொல்லுங்கள். அந்த ஒரு தகவலை வைத்துத்தான் நாங்கள் எங்கே தேடுவது என்று முடிவு செய்வோம்.

இப்போது கச்சேரிக்கு வருகிறேன். மாலைக் கொண்டாட்டத்தை விட மனமில்லாமல் "நாளைக்குப் பார்த்துக்கலாம்" என்று தள்ளிப்போடுகிறீர்கள். குளிரும் மாத்திரையும் மதுவும் சேர்ந்து வலியை மறைத்துவிடும். கையோடு போனால்கூடப் பரவாயில்லை, தலையில் அடிபட்டவர்களும் இதைத்தான் செய்கிறார்கள். போர்டின் குதிகால் பக்கத்து விளிம்பு பனியில் மாட்டினால் ஆள் மல்லாக்க விழுவார், பின்மண்டை தரையில் மோதும். ஏப்ரலில் பகலில் உருகியது ராத்திரியில் உறைந்துவிடும், காலைப் பனி பாறைமாதிரி இருக்கும். ஹெல்மெட் மண்டை ஓட்டைக் காப்பாற்றும், கட்டாயம் போடுங்கள். ஆனால் உள்ளே மூளை குலுங்குவதை முழுதாகத் தடுக்காது. விழுந்தபிறகு தலைவலி, மயக்கம், குழப்பம், நடந்தது நினைவில்லாமல் போவது என்று எது இருந்தாலும் அன்றைக்குப் போர்டு இல்லை, மது இல்லை, கச்சேரியும் இல்லை. தனியாக விடாதீர்கள். திரும்பத் திரும்ப வாந்தி, கூடிக்கொண்டே போகும் தலைவலி, எழுப்ப முடியாத தூக்கம், வலிப்பு இருந்தால் உடனே அவசர உதவிக்கு 911ஐ அழையுங்கள். தயவுசெய்து "குடிச்சிருக்கான், தூங்கட்டும்" என்று போர்வை போர்த்திவிட்டு மேடை முன்னால் போய்விடாதீர்கள்.

முதல் நாள் பயிற்சி வகுப்பில் சேருங்கள், நண்பரிடம் கற்காதீர்கள். அங்கே முதலில் விழத்தான் சொல்லித் தருவார்கள்: கையை நீட்டி ஊன்றாமல், விரல்களை மடக்கி, கைகளை மார்போடு சேர்த்து, முன்கையும் முழங்காலும் தரையில் படும்படி விழ வேண்டும். மணிக்கட்டுக் கவசம் வாங்குங்கள். 2001இல் வெளியான நார்வே ஆய்வு ஒன்றில் ஐயாயிரத்துக்கும் அதிகமான ஸ்னோபோர்டர்களை இரு பிரிவாகப் பிரித்தார்கள். கவசம் போட்ட பிரிவில் 8 பேருக்கு மணிக்கட்டில் அடி, போடாத பிரிவில் 29 பேருக்கு. ஜாக்கெட்டுக்குச் செலவழிப்பதில் ஒரு சின்னப் பங்குதான் அதன் விலை. களைத்துவிட்டால் "கடைசியா ஒருதரம்" என்று மேலே ஏறாதீர்கள். கை ஊன்றி விழுந்துவிட்டால் மோதிரம், காப்பு, வாட்ச் எல்லாவற்றையும் உடனே கழற்றுங்கள். வீங்கியபிறகு மோதிரத்தை வெட்டித்தான் எடுக்க வேண்டியிருக்கும், அதில் கல்யாண மோதிரங்களும் உண்டு. அப்புறம், கச்சேரி முடிந்து திரும்பும்போது வழவழப்பான ஷூ வேண்டாம். மலையில் விழாதவர்கள் அந்த உறைந்த நடைபாதையில் விழுகிறார்கள்.

அம்மாக்களே, வலிக்கிற மணிக்கட்டை எக்ஸ்ரே பார்ப்பதற்கு முன் உருவிவிடாதீர்கள். பாசத்தில்தான் செய்கிறீர்கள், எனக்குப் புரிகிறது. ஆனால் ஒட்டிக்கொண்டிருக்கும் விரிசல் அதில் விலகிப்போகலாம்.

கடந்த ஏப்ரலிலோ அதற்கு முந்தைய ஏப்ரலிலோ விழுந்து, தோசைக்கல்லைத் தூக்கும்போதும் கதவுப்பிடியைத் திருகும்போதும் இன்னும் வலிக்கிறது என்பவர்கள் இதைப் படித்துக்கொண்டிருக்கலாம். இவ்வளவு நாள் கழித்துப் போனால் டாக்டர் திட்டுவார் என்று தயங்காதீர்கள். உங்கள் குடும்ப மருத்துவரிடம் "ஸ்காபாய்டுக்கென்று எக்ஸ்ரே எடுக்க வேண்டும்" என்று பெயர் சொல்லியே கேளுங்கள், அதற்குக் கையைத் தனிக் கோணத்தில் வைத்து எடுப்பார்கள். மூட்டு தேயத் தொடங்கும் முன் வந்தால் இப்போதும் கூட்டிவைக்க வழி உண்டு.