அம்மாவுக்குத் தியானம் கற்றுக்கொடுங்கள், மாத்திரையை நிறுத்தாதீர்கள்

போன வாரம் என்னிடம் ஆலோசனைக்கு வந்த அம்மாவுக்கு எழுபதைத் தாண்டிய வயது. ஊர் வீட்டைப் பூட்டிவிட்டு பெங்களூரு ஒயிட்ஃபீல்டில் மகனோடு இருக்கிறார். "வயித்துல ஏதோ பிசையுது, விடிகாலை மூணு மணிக்கே முழிப்பு வந்துடுது" என்றுதான் முதலில் வந்தார். வயதானவர்களின் மனச்சோர்வு பெரும்பாலும் இப்படி உடம்பு வழியாகத்தான் பேசும். இரண்டு மாதம் மனச்சோர்வு மாத்திரை சாப்பிட்டுத் தேறியவருக்கு, மகன் போனில் ஒரு தியான ஆப்பை ஏற்றிக் கொடுத்து மாத்திரையை நிறுத்திவிட்டார். சில வாரத்தில் பழைய நிலைமை. இந்த வருடம் இப்படி எத்தனை பேரைப் பார்த்துவிட்டேன்!

அந்த அம்மா சொன்னதுதான் இன்னும் வலிக்கிறது: "எனக்கு தியானம் வரலைம்மா. கண்ணை மூடினா ஊர் நினைப்புதான். நான் எதுக்கும் லாயக்கில்லை."

மைண்ட்ஃபுல்னஸ், அதாவது இந்த நொடியில் நடப்பதைக் கவனிக்கும் தியானம், மனசைக் காலி செய்வதல்ல. தயவுசெய்து இதை வீட்டில் உரக்கச் சொல்லுங்கள். நினைப்பு வரும். வந்ததும் "ஊர் நினைப்பு வந்திருக்கு" என்று கவனித்து, தன்னைத் திட்டாமல், மூச்சுக்கோ தரையில் பதிந்த பாதத்துக்கோ திரும்ப வேண்டும். நூறு தடவை அலைந்தால் நூறு தடவையும் திரும்ப வேண்டும். அந்தத் திரும்புதல்தான் பயிற்சி. "மனசை அடக்கு" என்று கேட்டே வளர்ந்தவர்களிடம் இதைச் சொல்லாமல் உட்காரவைத்தால், ஏற்கெனவே நொந்த மனசுக்குத் தியானத்திலும் தோற்றேன் என்ற பாரம் கூடுகிறது.

சீகல், வில்லியம்ஸ், டீஸ்டேல் என்ற உளவியலாளர்கள் மூவரும் மைண்ட்ஃபுல்னஸை வைத்து உருவாக்கிய சிகிச்சை 8 வாரம் நடக்கும். வாரத்துக்கு ஒருநாள் இரண்டு மணி நேரம் போல, பயிற்சி பெற்றவர் நடத்துவார். மனச்சோர்வு திரும்பத் திரும்ப வருகிறவர்களுக்கு, தேறியிருக்கும்போது, மறுபடி வராமல் காக்கத்தான் முதலில் அதை வடிவமைத்தார்கள். ஆப் அதற்கு ஈடாகாது. அதுவும் ஆங்கிலம் தெரியாத அம்மாவுக்கு ஆங்கிலக் குரல்!

மாத்திரையை மனநல மருத்துவரைக் கேட்காமல் நிறுத்தாதீர்கள். தேறிய பிறகும் பல மாதம் தொடர வேண்டியிருக்கும். ரத்தப் பரிசோதனையில் தைராய்டு, பி12, சோடியம் மூன்றையும் பார்த்துவிடுங்கள். முட்டிவலிக்காரரைச் சம்மணமிடச் சொல்லாதீர்கள், நாற்காலி போதும். கண்ணைத் திறந்தே செய்யலாம். பத்து நிமிடமே நிறைய. காதில் குரல் கேட்கிறது என்பவருக்கோ, கண்ணை மூடினால் பழைய கொடுமை பொங்கி வருகிறது என்பவருக்கோ நீங்களாக எதையும் ஆரம்பிக்க வேண்டாம். "நான் இருந்து என்ன பிரயோஜனம்" என்றால் வயசான புலம்பல் என்று தள்ளிவிடாதீர்கள். அன்றைக்கே மருத்துவரிடம் கூட்டிப்போங்கள். அரசின் மனநல உதவித் தொலைபேசி சேவையான டெலி மானஸ் எண் 14416, இலவசம், தமிழிலும் பேசலாம்.

அந்த அம்மாவுக்கு மருத்துவர் மாத்திரையை மறுபடி தொடங்கியிருக்கிறார். பயிற்சி பிறகுதான். இப்போதைக்குக் காலையில் கீரை ஆயும்போது, தண்டு முறியும் சத்தத்தையும் விரலில் ஒட்டும் ஈரத்தையும் கவனிக்கச் சொல்லியிருக்கிறேன். மகனையும் பக்கத்தில் உட்காரச் சொன்னேன்.