காரில் ஒட்டாத பெயின்ட் எங்கே போகிறது?

ஒரு காரின் பானெட்டில் 300 மில்லி பெயின்ட் படிய வேண்டும் என்று வைத்துக்கொள்வோம். ஸ்ப்ரே கன்னிலிருந்து கிளம்புவதில் 30 சதவீதம்தான் தகட்டில் ஒட்டுகிறது என்றால் கன்னின் கப்பில் ஒரு லிட்டர் ஊற்றியாக வேண்டும். 65 சதவீதம் ஒட்டினால் சுமார் 460 மில்லி போதும். அழுத்தம் அதிகமுள்ள பழைய வகை ஸ்ப்ரே கன்களுக்கு 30 என்பது மிகைக் கணக்கு இல்லை. ஒட்டாதது, பெயின்ட் அடிக்கும் அறையான பூத்தின் ஃபில்டருக்கும் தரைக்கும் பக்கத்து வண்டிக்கும் போகிறது. முகமூடி சரியில்லை என்றால் பெயின்டரின் நுரையீரலுக்கும் போகிறது.

இந்தக் கன்னின் முன்னோடி ஒரு மருத்துவக் கருவி. அமெரிக்காவின் டொலீடோ நகரில் ஆலன் டெவில்பிஸ் என்ற மருத்துவர் 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் தொண்டைக்கு மருந்து தெளிக்க அதைச் செய்தார். அவருடைய மகன் தாமஸ் 1907இல் அதே வழியில் பெயின்ட் அடிக்கும் கன்னைக் கொண்டுவந்தார். ஆனால் இரண்டுக்கும் தேவை வேறு. தொண்டைக்கான துளி காற்றோடு மிதந்து உள்ளே போகலாம். பெயின்ட் துளியோ காற்றைவிட்டுப் பிரிந்து தகட்டில் மோதியாக வேண்டும்.

காற்று தகட்டுக்குள் நுழைய முடியாது. அருகில் வந்ததும் பக்கவாட்டில் திரும்பி ஓடிவிடும். எடையுள்ள துளியால் அந்தத் திருப்பத்தில் திரும்ப முடியாது. அது நேரே போய் ஒட்டிக்கொள்ளும். மிகச் சிறிய துளி காற்றோடு சேர்ந்து திரும்பிவிடும். நெல் தூற்றும்போது மணி விழுந்து பதர் பறப்பது போலத்தான் இதுவும். துளியின் விட்டம் பாதியானால் எடை எட்டில் ஒரு பங்காகிவிடும். அதனால்தான் சற்றே நுண்மையாகிப்போன துளிகூட மொத்தமாகக் கைவிட்டுப் போகிறது.

அழுத்தத்தைக் கூட்டினால் இரண்டு கெடுதல் ஒன்றாக நடக்கின்றன. துளிகள் மேலும் பொடியாகின்றன, தகட்டில் மோதித் திரும்பும் காற்றும் வேகமாகிறது. வேலை சீக்கிரம் முடிவதாகத் தோன்றும், அவ்வளவுதான்.

லாஸ் ஏஞ்சலிஸ் பகுதியில் பெயின்டிலிருந்து வரும் கரைப்பான் ஆவியும் நகரத்தின் புகைமூட்டத்துக்கு ஒரு காரணம். அதனால் தென் கலிபோர்னியாவின் காற்றுத்தர நிர்வாகம் வண்டிப் பட்டறைகளுக்கு ஒரு விதி வைத்தது: எச்விஎல்பி கன், அல்லது குறைந்தது 65 சதவீதம் ஒட்டவைக்கும் வேறு கன். எச்விஎல்பி என்றால் காற்று அதிகம், அழுத்தம் குறைவு. ஏர் கேப்பில், அதாவது காற்று வெளியேறும் இடத்தில், அழுத்தம் 10 பி.எஸ்.ஐ.-க்கு (சதுர அங்குலத்துக்கு 10 பவுண்டு) மேல் போகக் கூடாது. இங்கே பலர் குழம்புகிறார்கள். அந்த 10 கன்னின் கைப்பிடியில் அழுத்தம் காட்டும் கேஜுக்கு உரியது இல்லை. உள்ளே வரும் காற்று பெரும்பாலான கன்களில் 20 முதல் 30 வரை இருக்க வேண்டும். அதையும் டிரிகரை அழுத்திப் பிடித்துக்கொண்டுதான் பார்க்க வேண்டும்.

ரொம்பக் குறைத்தாலும் சிக்கல்தான். துளி பெரிதாகி மேற்பரப்பு ஆரஞ்சுத் தோல் மாதிரி ஆகும். அப்புறம் தேய்த்து மறுபடி அடிக்க வேண்டும். அதைவிடப் பெரிய வீண் கிடையாது. ஒரு காகிதத்தில் அடித்துப் பார்த்து, துளிகள் ஒரே சீராக விழும் மிகக் குறைந்த அழுத்தத்தில் நிறுத்துவதுதான் என் கணிப்பில் சரியான வழி.

கன் எவ்வளவு நல்லதானாலும் மீதி பெயின்டரின் கையில் இருக்கிறது. எச்விஎல்பி கன்னைத் தகட்டிலிருந்து 15 முதல் 20 செ.மீ. தூரத்தில் பிடிக்க வேண்டும். தள்ளிப் பிடித்தால் துளிகள் வழியிலேயே வேகம் இழந்து உலர்ந்துவிடும். மணிக்கட்டைச் சுழற்றினால், ஒரு வீச்சில் அடிக்கும் பட்டையின் இரு நுனியிலும் கன் சாய்ந்து காற்றில் அடிக்கும். ஒவ்வொரு பட்டையும் முந்தையதில் பாதியை மூட வேண்டும். பேனலின் இரு ஓரங்களையும் முதலில் மேலிருந்து கீழாக அடித்துவிட்டால், குறுக்கே போகும்போது ஓரம் தாண்டி அடிக்க வேண்டியதில்லை.

நார்தர்ன் அயோவா பல்கலைக்கழகத்தின் கழிவுக் குறைப்பு மையம் இதற்குச் செய்த கருவி எனக்கு மிகவும் பிடித்தது. கன்னின்மேல் ஒரு லேசர் பொருத்தினார்கள். அதிலிருந்து வரும் இரண்டு கதிர்களும் சரியான தூரத்தில் மட்டும் ஒரே புள்ளியாகச் சேரும். புள்ளி இரண்டாகப் பிரிந்தால் கை விலகிவிட்டது என்று அர்த்தம். பாதிக்குப் பாதி மூடுவதற்கும் அந்தப் புள்ளியே குறி.

கப்பில் மிஞ்சுவதும் இழப்புதான். இறுகவைக்கும் ஹார்டனர் கலந்த கிளியர் கோட்டை, அதாவது மேலே அடிக்கும் நிறமற்ற பூச்சை, திரும்ப டப்பாவில் ஊற்ற முடியாது, சில மணி நேரத்தில் இறுகிவிடும். ஆகவே கண் மதிப்பில் கலக்காமல் தராசில் வைத்துக் கொஞ்சம் கொஞ்சமாகக் கலப்பது நல்லது. அந்த ஹார்டனரில் ஐசோசயனேட் என்ற ரசாயனம் இருக்கிறது. அது ஆஸ்துமாவைக் கொண்டுவரக்கூடியது. தகட்டில் ஒட்டாத ஒவ்வொரு துளியிலும் அதுவும் சேர்ந்தே மிதக்கிறது. பட்டறையில் ஒரு துணியை மூக்கில் கட்டிக்கொண்டு அடிப்பவர்களுக்கு அந்தத் துணி எந்தப் பாதுகாப்பும் தராது.