பழைய பேஸ் ஆம்ப்: பிளக்கைச் செருகும் முன்

பழைய பேஸ் கிட்டார் ஆம்ப்ளிஃபயர் விற்பனை விளம்பரங்களில் திரும்பத் திரும்ப ஒரு வரியைப் பார்க்கிறேன்: "செருகிப் பார்த்தோம், விளக்கு எரிகிறது." இருபது, முப்பது வருஷம் பேஸ்மென்ட்டில் கிடந்த பெட்டியைப் பற்றி இப்படி எழுதுகிறார்கள். வாங்க வருகிறவரும் இதையேதான் முதலில் கேட்கிறார். டொரண்டோவில் வால்வு (வெற்றிடக் குழாய்) ஆம்ப்களைப் பழுது பார்ப்பது என் தொழில். நல்லெண்ணத்தில் செய்யப்படும் இந்தச் சோதனைதான் நல்ல ஆம்ப்கள் பலவற்றைக் கெடுத்து என் மேசைக்கு அனுப்புகிறது.

வால்வு ஆம்புக்குள் மின்சாரத்தைச் சீராக்க எலக்ட்ரோலிட்டிக் கண்டென்சர்கள் இருக்கும். அவற்றின் உள்ளே அலுமினியத் தகட்டின் மேல் படிந்த ஆக்சைடு படலம்தான் மின்காப்பு. வருஷக்கணக்கில் மின்சாரமே பாயாமல் கிடந்தால் அந்தப் படலம் சிதைகிறது, உள்ளிருக்கும் ஈரமும் வற்றுகிறது. அதன் மேல் திடீரென்று 400 வோல்ட்டுக்கு மேல் ஏறினால் கண்டென்சர் ஷார்ட் ஆகலாம். ஏசி மின்சாரத்தை டிசியாக்கும் ரெக்டிஃபயர் வால்வு போகும். ஃபியூஸ் சரியான அளவில் இல்லாவிட்டால் பவர் டிரான்ஸ்ஃபார்மரும் கருகும். முன்பு வைத்திருந்த யாரோ, ஃபியூஸ் அடிக்கடி போகிறது என்று பெரியதாக ஒன்றை மாட்டியிருப்பதை நான் எத்தனையோ ஆம்ப்களில் பார்த்திருக்கிறேன். கண்டென்சர் மலிவான பொருள், இன்றும் புதிதாகக் கிடைக்கிறது. 1959-இல் சுற்றிய டிரான்ஸ்ஃபார்மர் போனால் போனதுதான்.

நீண்ட நாள் கிடந்த ஆம்பை நாங்கள் நேராக மெயின்ஸில் செருகுவதில்லை. முதலில் திறந்து பார்த்து, கண்டென்சர்களை அளந்து, தேவையானதை மாற்றிய பிறகு, ஆம்போடு தொடராக இணைத்த சீரிஸ் பல்பு வழியாக மின்சாரம் கொடுப்போம். ஊரில் ரேடியோ மெக்கானிக்குகள் மேசை மேல் மாட்டி வைத்திருப்பார்களே, அதே பல்புதான். உள்ளே ஷார்ட் இருந்தால் பல்பு பளிச்சென்று எரிந்து காட்டிக்கொடுத்துவிடும், ஆம்ப் தப்பித்துவிடும்.

பொருள் போனால் பணத்தோடு போயிற்று. எனக்குக் கவலை தருவது இன்னொன்று. 1960-களின் நடுப்பகுதி வரை வந்த பல அமெரிக்க ஆம்ப்களில் இரண்டு கால் பிளக்தான், எர்த் கிடையாது. இரைச்சலைக் குறைக்க, மெயின்ஸின் ஒரு கம்பிக்கும் பாகங்கள் பொருத்திய உலோகச் சட்டமான சேசிஸுக்கும் இடையில் ஒரு சிறிய கண்டென்சரை வைத்தார்கள். எந்தக் கம்பி என்று மாற்றிக்கொள்ள வெளியே ஒரு சுவிட்ச்சும் இருக்கும். அந்தக் கண்டென்சர் வயதாகி ஷார்ட் ஆனால், சுவிட்ச் எந்தப் பக்கம் இருக்கிறது என்பதைப் பொறுத்து சேசிஸ் முழுவதும் 120 வோல்ட் வந்துவிடும். சேசிஸிலிருந்து கேபிள், கேபிளிலிருந்து கிட்டார் தந்தி. தந்தியில் விரலை வைத்துக்கொண்டே, எர்த் செய்யப்பட்ட மைக்கில் உதடு பட்டால் மின்சாரம் உடம்பு வழியாகத்தான் போகும். மெக்கானிக்குகள் அந்தக் கண்டென்சரை டெத் கேப் (மரணக் கண்டென்சர்) என்றே அழைக்கிறார்கள். எர்த் கோளாறு மேடையில் உயிரை எடுத்ததுண்டு: 1972 மே மாதம் வேல்ஸின் ஸ்வான்ஸீ நகரில், ஸ்டோன் த குரோஸ் குழுவின் கிட்டார் கலைஞர் லெஸ் ஹார்வி, சரியாக எர்த் செய்யப்படாத மைக்கைத் தொட்டு மேடையிலேயே மின்சாரம் தாக்கி இறந்தார்.

ஆகவே இரண்டு கால் பிளக்கோடு ஒரு ஆம்ப் உங்கள் கைக்கு வந்தால், அதை வாசிக்காதீர்கள். மூன்று கம்பி மெயின்ஸ் கயிறு போட்டு, எர்த் கம்பியைச் சேசிஸில் தனி போல்ட்டில் முடுக்கி, டெத் கேப்பை எடுத்துவிட வேண்டும். தெரிந்தவருக்கு ஒரு மணி நேரத்துக்குள் முடிகிற வேலை. பழைய சுவிட்ச்சைத் தொடர்பில்லாமல் அதன் இடத்திலேயே விட்டுவிடலாம், முகப்பு மாறாது. நீங்களாகத் திறக்க வேண்டாம். பிளக்கைப் பிடுங்கிய பிறகும் கண்டென்சர்களில் உயிர் போக்கும் அளவு மின்சாரம் தங்கியிருக்கும்.

"மாற்றினால் விலை குறையுமே?" என்று விற்பவர்கள் கேட்கிறார்கள். குறையாது. ஆம்பின் விலை டிரான்ஸ்ஃபார்மர், ஸ்பீக்கர், கேபினெட், மேலுறை, முகப்புத் தகடு ஆகியவற்றில்தான் இருக்கிறது. மெயின்ஸ் கயிறும் எலக்ட்ரோலிட்டிக் கண்டென்சரும் கார் டயர் மாதிரி, தேய்ந்தால் மாற்றத்தான் வேண்டும். எதையும் தொடாத ஆம்புக்குக் கூடுதல் விலை கேட்பவர்களை நான் மறுத்தே பேசுவேன். தொடாத ஆம்பை வாங்குபவர் பழுதுச் செலவையும் ஆபத்தையும் சேர்த்து வாங்குகிறார். கழற்றிய பாகங்களை மட்டும் எறிந்துவிடாதீர்கள். ஒரு பையில் போட்டு, மெக்கானிக்கின் ரசீதோடு ஆம்புடன் கொடுங்கள். அந்தப் பையும் ரசீதும் இருந்தால் விலை பேசும்போது வாதமே வராது.

ஆம்ப் எந்த வருஷத்துடையது என்பதை விற்பவரின் வாயிலிருந்து தெரிந்துகொள்ளத் தேவையில்லை. வால்யூம், டோன் கன்ட்ரோல்களின் முதுகில் எண் அச்சடித்திருக்கும். 304-6412 என்றால் ஸ்டாக்போல் கம்பெனி, 1964-ஆம் ஆண்டின் 12-வது வாரம். 137 என்று தொடங்கினால் சிடிஎஸ். ஸ்பீக்கரில் 220 என்றால் ஜென்சன், 465 என்றால் ஆக்ஸ்ஃபோர்ட். ஸ்பீக்கர் எண்களில் ஆண்டுக்குப் பெரும்பாலும் ஒரே இலக்கம்தான்: 220415 என்பது 1954-இன் 15-வது வாரமாகவும் இருக்கலாம், 1964-இன் 15-வது வாரமாகவும் இருக்கலாம். அதனால் ஒரு எண்ணை மட்டும் நம்பாமல் கன்ட்ரோல், ஸ்பீக்கர், டிரான்ஸ்ஃபார்மர் மூன்றையும் சேர்த்துப் பாருங்கள். பாகம் செய்த தேதிக்கு முன்னால் ஆம்ப் பிறந்திருக்க முடியாது. மற்ற எல்லாம் 1964 சொல்ல ஒன்று மட்டும் 1971 சொன்னால், அது பிற்பாடு மாற்றியது. அந்த இடத்தில் ஈயப் பற்றவைப்பும் புதிதாகப் பளபளக்கும். நேரில் போக முடியாவிட்டால் இந்த எண்களின் படங்களைக் கேளுங்கள். படம் அனுப்பத் தயங்குகிறவரிடம் வாங்காதீர்கள்.

மாடலுக்கு மாடல் பார்க்க வேண்டியது வேறுபடும். ஃபெண்டர் பாஸ்மேன் 1952-இல் பேஸ் கிட்டாருக்காக வந்தது. நான்கு பத்தங்குல ஸ்பீக்கரோடு 1950-களின் கடைசியில் வந்ததை கிட்டார்காரர்கள் தூக்கிக்கொண்டு போய்விட்டார்கள். மார்ஷலின் முதல் ஆம்பான ஜேடிஎம்45 அந்தச் சர்க்யூட்டை வைத்துத்தான் பிறந்தது. விலை அதற்கேற்ப இருப்பதால் பாகம் மாற்றிய பெட்டிகளும் அதிகம். பேஸ் வாசிக்கவே வாங்குகிறவருக்கு நான் சொல்வது ஆம்பெக் பி-15. ஜெஸ் ஆலிவர் வடிவமைத்து 1960-இல் வந்தது. அமெரிக்க இசை நிறுவனமான மோட்டவுனின் பதிவுகளில் பேஸ் கலைஞர் ஜேம்ஸ் ஜேமர்சன் வாசித்த ஆம்ப் வகை. 25, 30 வாட்ஸ்தான், டிரம்ஸோடு பெரிய மேடையில் எடுபடாது. வீட்டிலும் ஸ்டூடியோவிலும் அந்த உருண்டையான ஒலிக்கு இணை நான் கேட்டதில்லை.

1969-இல் வந்த ஆம்பெக் எஸ்விடி 300 வாட்ஸ், 14 வால்வுகள், ஹெட் (ஸ்பீக்கர் இல்லாத ஆம்ப் பெட்டி) மட்டுமே ஏறக்குறைய 40 கிலோ. உள்ளே 700 வோல்ட் அளவுக்கு ஓடுகிறது. முதலில் வந்தவற்றில் 6146 வகை வால்வுகள், பின்னால் 6550. முன்னதைப் பின்னதாக மாற்றிய ஹெட்களும் உண்டு, கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். ஹெட்டைத் தனியாக விற்கிறவர்கள் ஸ்பீக்கரை இணைக்காமல் சுவிட்ச் போட்டுக் காட்டுவார்கள். அதைத் தடுத்துவிடுங்கள். ஸ்பீக்கர் இல்லாமல் வாசித்தால் அவுட்புட் டிரான்ஸ்ஃபார்மர் போய்விடலாம்.

அனுப்பும்போது வால்வுகளைக் கழற்றி, எந்தச் சாக்கெட் என்று குறித்து, தனியாகச் சுற்றுங்கள். பி-15-இல் சேசிஸ் மூடியோடு சேர்ந்து திரும்பி, கேபினெட்டுக்குள் தலைகீழாகத் தொங்கும். அப்படியே லாரியில் ஏற்றினால் வால்வுகள் கழன்று ஸ்பீக்கர் கோனைக் கிழிக்கும். சேசிஸுக்கு வேறு பெட்டி போடுங்கள்.

இங்கிருந்து சென்னைக்கோ யாழ்ப்பாணத்துக்கோ அனுப்பலாமா என்றும் கேட்கிறார்கள். இங்கே 120 வோல்ட், 60 ஹெர்ட்ஸ். அங்கே 230 வோல்ட், 50 ஹெர்ட்ஸ். ஸ்டெப் டவுன் டிரான்ஸ்ஃபார்மர் வோல்ட்டைக் குறைக்கும், ஹெர்ட்ஸை மாற்றாது. 60 ஹெர்ட்ஸுக்கு மட்டுமே சுற்றிய பவர் டிரான்ஸ்ஃபார்மர் 50-இல் கூடுதலாகச் சூடாகும். பின்புறத் தகட்டில் 50/60 என்று இருக்கிறதா, இல்லை 60 மட்டும்தானா என்று பாருங்கள். 60 மட்டும் என்றால், 230 வோல்ட்டுக்கும் 50 ஹெர்ட்ஸுக்கும் செய்த பவர் டிரான்ஸ்ஃபார்மர் ஒன்றைப் போட்டுக்கொண்டு, அசலைக் கழற்றி அதே பையில் பத்திரப்படுத்துங்கள்.