உளவியல் மருத்துவர் என்று ஒருவர் இல்லை

தேர்வு முடிவு வரும் சமயத்தில் தொலைக்காட்சியில் யாராவது ஒருவர் பெற்றோருக்கு அறிவுரை சொல்வார். பெயருக்குக் கீழே ‘உளவியல் மருத்துவர்’ என்று போடுவார்கள். அவர் மருத்துவரா, உளவியலாளரா என்பது நிகழ்ச்சி முடியும்வரை தெரியாது. இப்போது செய்தித்தாள்களிலும் இந்தச் சொல் புகுந்துவிட்டது.

‘சைக்காலஜி’யின் வேர் கிரேக்கம். சைக்கே என்றால் மூச்சு, உயிர். லோகோஸ் என்றால் சொல், ஆய்வு. தமிழில் உள்ளம், உளம், உளவியல். அதைத் தொழிலாகக் கொண்டவர் உளவியலாளர். சைக்கியாட்ரியின் பின்பாதி மருத்துவர் என்று பொருள்படும் வேறொரு கிரேக்கச் சொல்லிலிருந்து வந்தது. அதனால் சைக்கியாட்ரிஸ்ட் மனநல மருத்துவர். ‘மனம்’ வடசொல், அதைத் தொடக்கூடாது என்பவர்களோடு எனக்கு ஒத்துவராது. ‘உள்ளத் தனையது உயர்வு’ என்ற வள்ளுவர்தான் ‘மனத்துக்கண் மாசிலன் ஆதல்’ என்றும் சொன்னார்.

இப்படி இரண்டு சொற்கள் தெளிவாக இருக்க, ஒன்றின் தலையையும் மற்றொன்றின் வாலையும் ஒட்டியது ஏன்? கூச்சம்தான் என்று நினைக்கிறேன். மனநல மருத்துவர் என்றதும் சென்னைக்காரருக்குக் கீழ்ப்பாக்கம் மனநல மருத்துவமனை நினைவுக்கு வருகிறது. அந்த ஊர்ப்பெயரையே வசைச்சொல்லாக்கி வைத்திருக்கிறோமே. ‘உளவியல்’ என்றால் கொஞ்சம் மென்மையாக ஒலிக்கிறது. ஆனால் அந்த மென்மைக்கு விலை கொடுப்பவர் நோயாளி. மனநல மருத்துவர் எம்.பி.பி.எஸ். முடித்து மேற்படிப்பும் படித்தவர்; மாத்திரை எழுதுவார். உளவியலாளர் பேச்சுவழிச் சிகிச்சை தருவார், உளச் சோதனைகள் செய்வார். மாத்திரை எழுத அவருக்கு அதிகாரம் இல்லை. 2017-ஆம் ஆண்டு மனநலப் பராமரிப்புச் சட்டமே இருவரையும் தனித்தனியாக வரையறுக்கிறது. மாத்திரை தேவைப்படுகிறவர் பேசுபவரிடமும், பேச வேண்டியவர் மாத்திரை தருபவரிடமும் போய்க் காசைத் தொலைப்பதற்கு இந்தக் கலப்புச் சொல்லும் ஒரு காரணம்.

வேடிக்கை என்னவென்றால், இந்த விஷயத்தில் ஆங்கிலத்தைவிடத் தமிழ் தெளிவானது. ஆய்வுப்பட்டம் பெற்றவரும் மருத்துவம் படித்தவரும் ஆங்கிலப் பலகையில் ஒரே ‘டாக்டர்’தான். நம்மிடம் முனைவர் இருக்கிறார், மருத்துவர் இருக்கிறார். அந்த வேறுபாட்டை மொழிபெயர்ப்பாளர்களே அழித்துவிடுகிறார்கள்.

கிளினிக்கல் சைக்காலஜிஸ்டுக்கு ‘மருத்துவ உளவியலாளர்’ என்பது பரவிவிட்டது. எனக்கு அதிலும் தயக்கம் உண்டு; முன்னால் நிற்கும் ‘மருத்துவ’ கேட்பவரை மறுபடி குழப்புகிறது. ‘சிகிச்சை உளவியலாளர்’ என்றால் அவர் செய்யும் வேலை தெரிகிறது. தூய தமிழில்லை என்று கோபிப்பவர்கள் கோபிக்கட்டும்.

அடுத்தது ‘உரிமம் பெற்ற உளவியலாளர்’. இது அமெரிக்கச் சரக்கு. அங்கே ஒவ்வொரு மாநிலத்திலும் ஒரு வாரியம் உளவியலாளருக்கு உரிமம் வழங்குகிறது. இங்கே நடப்பது பதிவு. ஆர்.சி.ஐ. எனப்படும் இந்திய மறுவாழ்வு மன்றம் 1992-ஆம் ஆண்டுச் சட்டப்படி இயங்குகிறது. அது அங்கீகரித்த படிப்பை முடித்த சிகிச்சை உளவியலாளரின் பெயர் அதன் மத்தியப் பதிவேட்டில் ஏறும், எண்ணும் கிடைக்கும். பெரும்பாலோர் இரண்டாண்டு எம்.ஃபில். முடித்தவர்கள். ஆகவே ‘பதிவு பெற்ற’ என்பதே சரி. சித்த மருத்துவர் பலகைகளில் ‘பதிவு பெற்ற’ என்று எத்தனை காலமாக எழுதிவருகிறார்கள்! அந்தப் பழக்கத்தை விட்டுவிட்டு ஓட்டுநருக்கும் துப்பாக்கிக்கும் கொடுக்கிற உரிமத்தை ஏன் இங்கே இழுக்க வேண்டும்? சென்னையில் ஆள் தேடுகிறவர் ‘உரிமம் இருக்கிறதா’ என்று கேட்டால் வரவேற்பில் இருப்பவர் விழிப்பார், அல்லது மாநகராட்சி தந்த தொழில் உரிமத்தைக் காட்டுவார். ‘ஆர்.சி.ஐ. பதிவு எண் என்ன’ என்று கேட்டால் நேரான பதில் வரும். அந்த எண்ணை இணையத்திலேயே சரிபார்க்கலாம்.

மனக்கவலையைக் கேட்டு வழிகாட்டும் கவுன்சிலர் கதை தனி. நம்மூரில் அந்தச் சொல் வார்டு உறுப்பினரையும் குறிக்கும் என்பதால் ‘ஆலோசகர்’ என்றார்கள். அது வரி ஆலோசகர், திருமண ஆலோசகர் என்று எல்லோருக்கும் பொதுவாகிப்போனது. இலங்கைத் தமிழர் ‘உளவளத்துணையாளர்’ என்கிறார்கள். நீளம்தான், ஆனால் யாரோடும் குழப்பிக்கொள்ள வழியில்லை. இங்கே அரசு விளம்பரங்களில் ‘ஆற்றுப்படுத்துநர்’ என்று வருகிறது. சங்க ஆற்றுப்படையை நினைவூட்டும் அழகான சொல். ஆனால் மனம் உடைந்துபோய் நடு இரவில் கைப்பேசியில் உதவி தேடுகிறவர் அந்தச் சொல்லைத் தட்டச்சு செய்வாரா? எனக்கு நம்பிக்கை இல்லை. உளவளத்துணையாளரை நாமும் எடுத்துக்கொள்ளலாம்.