துட்டன்காமனின் தாடியும் எப்பாக்ஸிப் பசையும்

கல்லறைக்குள் மூவாயிரம் ஆண்டு பத்திரமாகக் கிடந்த பொருள், கண்ணாடிப் பெட்டிக்கு வந்த பிறகு உடைவதுண்டு. அருங்காட்சியகப் பொருள்களைச் செப்பனிடும் எங்களைப் போன்றவர்களுக்கு, ஒன்றை எடுத்து இடம் மாற்றும் நேரம்தான் வயிற்றைக் கலக்கும்.

2014 ஆகஸ்டில் எகிப்தின் கெய்ரோ தஹ்ரீர் சதுக்க அருங்காட்சியகத்தில் பண்டைய எகிப்து மன்னன் துட்டன்காமனின் தங்க முகமூடி இருந்த பெட்டியில் விளக்கு வேலை நடந்தது. கை பட்டுத் தாடி கழன்றுவிட்டது. 1925-இல் கிடைத்தபோதே அந்தத் தாடி தனியாகத்தான் இருந்தது, பிற்பாடுதான் பொருத்தினார்கள். ஆகவே கழன்றது பெரிய குற்றமில்லை. யாரிடமும் கேட்காமல் அவசரமாக எப்பாக்ஸி போட்டதுதான் வினை. அது இறுகினால் இறுகியதுதான், லேசில் கரையாது. தாடையோரம் பிதுங்கிய பசை படங்களில் அப்பட்டமாகத் தெரிந்தது. 2015-இல் ஜெர்மானிய நிபுணர் கிறிஸ்டியன் எக்மான் குழுவினர் முகமூடியை இளஞ்சூடாக்கி, மரக்கருவிகளால் அந்தப் பசையைக் கொஞ்சம் கொஞ்சமாகச் சுரண்டி எடுத்தார்கள். அப்புறம் தேன்மெழுகு வைத்துத் தாடியைப் பொருத்தினார்கள். பழைய எகிப்தியர்களே பயன்படுத்திய பொருள் அது; நாளைக்குப் பிரிக்க வேண்டுமானாலும் சூடு காட்டினால் போதும். ஒட்டும்போதே பிரிக்கவும் வழி வைப்பதுதான் எங்கள் தொழிலில் பாலபாடம்.

ஒழுங்காகவும் செய்யத் தெரிந்தவர்கள்தான் எகிப்து அருங்காட்சியகக்காரர்கள். 2021 ஏப்ரல் 3-ஆம் தேதி 22 அரச மம்மிகளை கெய்ரோவின் ஃபுஸ்தாத் பகுதியில் உள்ள புதிய அருங்காட்சியகத்துக்குக் கொண்டுபோனார்கள். ஒவ்வொன்றும் நைட்ரஜன் நிரப்பிய பேழைக்குள். குலுங்காமல் இருக்கச் சாலையையே புதிதாகப் போட்டார்கள். டிவியில் ஊரே தங்க ரதத்தைப் பார்த்தது. என் கண் சக்கரத்தின் மேலேயே இருந்தது.

சரி, இவ்வளவு கவனம் இருந்தும் 2025 செப்டம்பரில் என்ன நடந்தது? தஹ்ரீர் அருங்காட்சியகத்தின் செப்பனிடும் கூடத்திலிருந்தே அமெனெமோபே மன்னனின் தங்கக் காப்பு திருடுபோய் உருக்கப்பட்டுவிட்டது. இத்தாலிக் கண்காட்சிக்குப் பொருள்களைத் தயார்செய்தபோதுதான் விஷயம் தெரிந்தது. எடுத்தவர் அங்கேயே செப்பனிடும் வேலை பார்த்தவர் என்று உள்துறை அமைச்சகம் சொன்னபோது எனக்குத் தலைகுனிவாக இருந்தது. பசையையாவது சுரண்டலாம், உருக்கிய தங்கத்தை என்ன செய்வது?

எகிப்து போகிறவர்கள் பெட்டிமேல் சாயாதீர்கள், ஃபிளாஷ் போடாதீர்கள். வீட்டில் பழைய பீங்கானோ சிலையோ உடைந்தால், துண்டுகளை ஒன்றோடொன்று பொருத்திப் பார்க்க வேண்டாம், விளிம்பு தேய்ந்துவிடும். கழுவவும் வேண்டாம். தனித்தனியாக மெல்லிய தாளில் சுற்றி வைத்துவிட்டு, தெரிந்தவர் யாரிடமாவது கேளுங்கள். மேஜை டிராயரில் இருக்கும் அந்தப் பசை டியூப் அங்கேயே இருக்கட்டும்.