வினைத்தொகுதி: ஒரு துணைக்கால் படுத்தும் பாடு

போன மாதம் எங்கள் ஊர்த் தமிழ் வகுப்புப் பிள்ளைகள் வைத்த அறிவியல் கண்காட்சிக்கு, என்னிடம் வேதியியல் டியூஷன் படிக்கும் எச்.எஸ்.சி. மாணவி ஒருத்தி தமிழில் ஒரு அட்டை எழுதிக்கொண்டு வந்தாள். கரும்பு, பாகு, ரம் என்று வரிசையாகப் படம் போட்டு, கீழே கொட்டை எழுத்தில் "ரம்மில் இருப்பது எத்தனல்". அடடா, 'எத்தனால்' அல்லவா, ஒரு துணைக்கால் விட்டுப்போச்சே என்றேன். "ஒரு கால்தானே மிஸ்?" என்றாள். அந்த ஒரு காலில்தான் விஷயமே இருக்கிறது.

அந்தக் கால் காட்டுவது வேதியியலில் வினைத்தொகுதி என்கிற ஒன்றை. முதலில் அதற்கான சொல்லைப் பார்ப்போம். மொரீஷியஸில் பிள்ளைகள் வேதியியலை ஆங்கிலத்தில் படிக்கிறார்கள், அதனால் வாயில் வருவது 'ஃபங்ஷனல் குரூப்'. பிரெஞ்சுப் பாடப்புத்தகத்தைத் திறந்தால் 'ஃபொங்ஸியோன்' என்று இருக்கும். இரண்டுக்கும் தாய், செய்து முடிப்பது என்ற பொருளுள்ள லத்தீன் சொல். (தமிழ்நாட்டு உறவுக்காரர்களிடம் ஃபங்ஷன் என்றால் கல்யாணம், காதுகுத்து. அவர்கள் முன்னால் இந்தப் பாடத்தை விளக்கி நான் பட்ட பாடு தனிக் கதை.) ஒரு கரிமச் சேர்மத்தில் கார்பன் சங்கிலி என்பது உடம்பு, பெரும்பாலும் சும்மா இருக்கும். அதில் ஒட்டிக்கொண்டிருக்கிற சில அணுக்களின் கூட்டம்தான் வேலை செய்கிற கை. அந்தக் கைதான் ஃபங்ஷனல் குரூப்.

இந்த எண்ணம் வந்த வழியும் சுவையானது. 1832-இல் லீபிக், வோலர் என்ற இரண்டு ஜெர்மானியர்கள் கசப்பு வாதுமை எண்ணெயை வைத்து என்னென்னவோ வினை செய்து பார்த்தபோது, எல்லாம் மாறினாலும் ஒரு அணுக்கூட்டம் மட்டும் கலையாமல் ஒரு பொருளிலிருந்து இன்னொன்றுக்குப் போய்க்கொண்டே இருந்ததைக் கண்டார்கள். அதை அவர்கள் 'ராடிகல்' என்றார்கள். 1892-இல் ஜெனீவாவில் கூடிய வேதியியலாளர்கள், இப்படிப்பட்ட ஒவ்வொரு கூட்டத்துக்கும் பெயரின் வாலில் ஒரு ஒலி என்று முறைப்படுத்தினார்கள்.

தமிழில் என்ன சொல்வது? தமிழ்நாட்டுப் பாடநூல் 'வினைசெயல் தொகுதி' என்கிறது. இலங்கையில் 'தொழிற்பாட்டுக் கூட்டம்'. அங்கே வேதிவினைக்கே 'தாக்கம்' என்றுதான் பெயர், அதனால் 'வினை' அவர்களுக்குக் கை கொடுக்காது. வினைக்குழு என்று எழுதுகிறவர்களும் உண்டு. என்னைக் கேட்டால், வினையும் செயலும் ஒன்றுதான், எதற்கு இரண்டு தடவை? 'வினைத்தொகுதி' போதும். இலக்கணத்து வினைத்தொகையோடு குழம்புமே என்பார்கள். ஊறுகாயையும் சுடுசோற்றையும் யாரும் சோதனைக்குழாயில் தேட மாட்டார்கள், பயப்பட வேண்டாம்.

இலக்கணம் என்றதும் ஒன்று சொல்லியாக வேண்டும், ஏனென்றால் இந்தப் பெயர்களைப் பிரிக்க நமக்குப் பள்ளியில் சொல்லிக்கொடுத்த பகுபதமே போதும். செய்தான் என்பதை செய் + த் + ஆன் என்று பிரிப்போமில்லையா? பகுதி, இடைநிலை, விகுதி. எத்தனாலும் அதே மாதிரிதான்: எத் + அன் + ஆல். எத் என்றால் இரண்டு கார்பன் (மெத் ஒன்று, புரொப் மூன்று). இடைநிலை அன் வந்தால் கார்பன்களுக்கு நடுவே எல்லாம் ஒற்றைப் பிணைப்பு, ஈன் வந்தால் எங்கோ ஒரு இரட்டைப் பிணைப்பு. கடைசி விகுதிதான் வினைத்தொகுதி. ஆணா பெண்ணா என்று 'ஆன்', 'ஆள்' சொல்வதுபோல, ஆல்கஹாலா, ஆல்டிஹைடா, கீட்டோனா, அமிலமா என்று அது சொல்லிவிடும். தைப்பூசத்துக்குக் கொளுத்துகிற கற்பூரத்தின் முறையான பெயர் எவ்வளவு நீளமாக இருந்தாலும் 'ஓன்' என்று முடிகிறது, அப்படியானால் கீட்டோன்.

ஒரே பொருளில் இரண்டு மூன்று தொகுதி இருந்தால்? விகுதி ஒருவருக்குத்தான். நம் வனிலா தேநீரில் மணக்கிற வனிலினில் ஆல்டிஹைடு, ஓஎச், ஈதர் என்று மூன்று தொகுதியும் உண்டு. ஆல்டிஹைடுக்கு முன்னுரிமை, மற்ற இரண்டும் முன்னொட்டாகப் பெயரின் தலைப்பக்கம் போய் உட்கார வேண்டியதுதான்.

சரி, அந்தத் துணைக்காலுக்கு வருவோம். எத்தனால் என்பது ரம்மில் இருக்கும் ஆல்கஹால். அதிலிருந்து இரண்டு ஹைட்ரஜனைப் பிடுங்கினால் எத்தனல், 'அல்' என்று முடிகிற ஆல்டிஹைடு. ஆல்டிஹைடு என்ற பெயரே 'ஹைட்ரஜன் பறிக்கப்பட்ட ஆல்கஹால்' என்ற லத்தீன் தொடரைச் சுருக்கி லீபிக் வைத்ததுதான். குடித்தவர் ஈரலில் நடப்பதும் இதுவே, மறுநாள் அவர் படும் அவஸ்தையில் எத்தனலுக்கும் பங்குண்டு. எத்தனால் 78 டிகிரியில் கொதிக்கும். எத்தனலுக்கு 20 டிகிரி போதும், நம் கடற்கரை வெயிலில் திறந்து வைத்தால் குப்பி காலி. இன்னும் ஒரு படி ஆக்சிஜன் ஏற்றினால் எத்தனாயிக் அமிலம், அதாவது அச்சாரில் ஊற்றுகிற காடி. மூன்றுக்கும் கார்பன் அதே இரண்டுதான். எது எது என்று தெரிய வேண்டுமா, சமையல் சோடாவில் ஒரு சொட்டு விடுங்கள், நுரைத்தால் அமிலம். மற்ற இரண்டும் நுரைக்காது. அவற்றில் டாலன்ஸ் கரைசலோடு (வெள்ளி நைட்ரேட்டில் அமோனியா சேர்த்தது) சூடாக்கினால் குழாயின் உட்புறம் வெள்ளிக் கண்ணாடி படியச் செய்வது எத்தனல்.

இவ்வளவு வேறுபாட்டையும் தமிழில் ஒரு குறில் நெடிலில் தொங்க விடுவது எனக்குப் பிடிக்கவில்லை. இலங்கைக்காரர்கள் எதனோல், எதனல் என்று எழுதுகிறார்கள், குழப்பமே இல்லை. நம் காதிலும் பிரெஞ்சு வழியாக 'அல்கோல்' என்றுதானே விழுகிறது? அதனால் இங்கே 'ஓல்' என்று எழுதுவதே சரி என்பது என் கட்சி.

மாணவியிடம் சொன்னேன். எத்தனல் என்பதில் 'ன'வுக்கு முன்னால் கொம்பைச் செருகப் பார்த்தாள், இடமில்லை. அட்டையைத் திருப்பிப் போட்டு, கரும்பிலிருந்து மறுபடி வரைய ஆரம்பித்தாள்.