வண்டி அணைந்தால் அணையட்டும்

பயிற்சிக் காரில் என் காலடியிலும் ஒரு கிளட்ச், ஒரு பிரேக் உண்டு. ஓட்டுநர் பயிற்சிப் பள்ளி வண்டிக்கு இந்த இரட்டைக் கட்டுப்பாடு கட்டாயம். உயிர் காக்கும் ஏற்பாடு அது, குறை சொல்ல மாட்டேன். ஆனால் கடலூரில் பயிற்சி கொடுக்கத் தொடங்கிய முதல் சில ஆண்டுகள், அந்தக் கிளட்சை வைத்து நான் என் மாணவர்களை ஏமாற்றிக்கொண்டிருந்தேன்.

மாணவர் கிளட்சைச் சட்டென்று விடுவார். வண்டி குலுங்கி அணையப்போகும். அதற்குள் என் கால் என் பக்கத்துக் கிளட்சை அழுத்திவிடும். வண்டி வெண்ணெய் போலப் புறப்படும். அவருக்கு மகிழ்ச்சி, எனக்கு நல்ல பெயர். பயிற்சி முடியும், உரிமம் கைக்கு வரும், அடுத்த வாரம் சொந்தக் கார் வீட்டு வாசலில் நிற்கும். அதில் என் கால் இருக்காது.

பிறகு தொலைபேசி அழைப்பு வரும். "மாஸ்டர், உங்கள் வண்டியில் நன்றாகத்தானே ஓட்டினேன்? என் வண்டி குதிக்கிறது. கிளட்சில் ஏதாவது கோளாறா?" திருப்பாதிரிப்புலியூரில் ஒரு தம்பி புது வண்டியை வாசலிலிருந்து பின்னுக்கு எடுத்தபோது அது ஒரே பாய்ச்சலில் எதிர்வீட்டுத் திண்ணையில் போய் முட்டியது. அடி வண்டிக்குத்தான். ஆனால் அந்தத் திண்ணையில் தினமும் மாலை ஒரு பாட்டி உட்கார்ந்திருப்பார் என்று அவன் சொன்னபோது எனக்கு வியர்த்துவிட்டது.

அன்றிலிருந்து காலை எடுத்துவிட்டேன். ஆபத்து என்றால் பிரேக்கும் கிளட்சும் மிதிப்பேன். வண்டி அணையப்போகிறது என்பதற்காக மட்டும் மிதிக்க மாட்டேன். அணையட்டும். எத்தனை முறை அணைகிறதோ, இடது காலுக்கு அத்தனை பாடம்.

காலுக்குக் கீழே என்ன நடக்கிறது என்று தெரியாமல் "மெதுவாக விடு, மெதுவாக விடு" என்று கத்துவதில் பயனில்லை. இன்ஜினோடு சேர்ந்து சுற்றும் கனமான சக்கரம் ஒன்று இருக்கிறது. அதன் எதிரே, கியர்பெட்டியோடு இணைந்த கிளட்ச் பிளேட். வண்டி கியரில் நிற்கும்போது முதலாவது சுற்றுகிறது, இரண்டாவது நிற்கிறது. பெடலை மிதித்தால் இரண்டும் பிரிந்திருக்கும். காலை எடுத்தால் ஒரு பெரிய ஸ்பிரிங் இரண்டையும் சேர்த்து இறுக்கிவிடும். சட்டென்று இறுக்கினால், நிற்கும் ஒரு டன் எடையை இன்ஜின் ஒரே இழுப்பில் இழுக்க வேண்டும். முடிந்தால் வண்டி குதிக்கும், முடியாவிட்டால் அணையும். ஓடும் பஸ்ஸில் ஏறுவது தவறு. ஆனாலும் ஏறத் தெரிந்தவர் கம்பியைப் பிடித்துக்கொண்டு நான்கு எட்டு கூடவே ஓடிவிட்டுத்தான் படியில் கால் வைப்பார். அந்த நான்கு எட்டைத்தான் நாங்கள் அரைக் கிளட்ச் என்கிறோம். பிளேட் கொஞ்சம் வழுக்கி, கொஞ்சம் உரசி, சக்கரத்தின் வேகத்தை எட்டும் நேரம் அது.

பெடலின் முழு நீளத்தில் இந்த வேலை நடப்பது இரண்டு விரற்கடை தூரத்தில்தான். அதற்குக் கீழே எவ்வளவு வேகமாகக் காலைத் தூக்கினாலும் ஒன்றும் ஆகாது. இதைச் சொன்னதும் பலருக்கு வியப்பு. பெடல் முழுவதும் பயந்து பயந்து தூக்கி, கெண்டைக்கால் வலித்து, சரியாக முக்கியமான இடத்தில் பொறுமை இழந்துவிடுவார்கள். வண்டி பிடிக்கிற இடம் வரும்போது இன்ஜின் சத்தம் ஒரு சுருதி இறங்கும், இருக்கையில் லேசான நடுக்கம் தெரியும். அங்கே காலை நிறுத்த வேண்டும். வண்டி நகரத் தொடங்கிய பிறகும் மூச்சை ஒருமுறை இழுத்து விடும் நேரம் அங்கேயே வைத்திருக்க வேண்டும். வண்டி அணைந்ததை நான் பார்த்த தடவைகளில் பெரும்பாலானவை புறப்படும்முன் நிகழ்ந்தவையல்ல. வண்டி ஓரடி நகர்ந்ததும் "அப்பாடா" என்று மீதிக் காலை எடுப்பார்களே, அப்போது நிகழ்ந்தவை.

காலை ஆறு மணிக்கு மஞ்சக்குப்பம் மைதானத்தில் முதல் இரண்டு நாளும் ஆக்சிலரேட்டரைத் தொட அனுமதிப்பதில்லை. வலது கால் பிரேக்கின் மேல், இடது கால் கிளட்சில். கிளட்சை மட்டும் விட்டு வண்டியை நகர்த்த வேண்டும், நிறுத்த வேண்டும், மறுபடி நகர்த்த வேண்டும். "ஆக்சிலரேட்டர் இல்லாமல் கார் போகுமா மாஸ்டர்?" போகும். இன்றைய கார்களில் இன்ஜினின் வேகம் தாழ்ந்தால் கணினியே கொஞ்சம் எரிபொருளைக் கூட்டித் தாங்கிப் பிடிக்கும். கணக்கும் எளிது. சும்மா ஓடும் இன்ஜின் நிமிடத்துக்கு ஏறக்குறைய 800 சுற்று. முதல் கியரில் அது ஏறக்குறைய பதினான்கில் ஒரு பங்காகக் குறைந்து சக்கரத்துக்கு வருகிறது, அதாவது 57 சுற்று. சிறிய காரின் டயர் ஒரு சுற்றுக்கு ஒன்றேமுக்கால் மீட்டர் உருளும் என்றால் மணிக்கு 6 கிலோமீட்டர். மைதானத்தில் நடைப்பயிற்சி செய்யும் பெரியவர்கள் எங்களை முந்திக்கொண்டு போய், திரும்பிப் பார்த்துச் சிரிப்பார்கள். மாணவர்களுக்கு வெட்கமாக இருக்கும். எனக்கு அதுதான் வேண்டும். நடையை விட மெல்ல வண்டியை நகர்த்தத் தெரிந்தவருக்கு, நேரு வீதிக் கூட்டமானாலும் தேர் நாள் கூட்டமானாலும் பயமில்லை.

மேடு பள்ளம் இல்லாத தரையில்தான் ஆக்சிலரேட்டரைத் தொடாத இந்த வித்தை பலிக்கும். டீசல் வண்டி தாராளமாக மன்னிக்கும், சிறிய பெட்ரோல் வண்டி மன்னிக்காது. ஆகவே சொந்தக் கார் வந்ததும் இதே பயிற்சியை முதலிலிருந்து ஒரு நாள் செய்யுங்கள். பிடிக்கிற இடம் ஒவ்வொரு வண்டியிலும் வேறு.

இருக்கையை முன்பின் நகர்த்தி, கிளட்சை அடிவரை மிதித்தபோதும் முழங்கால் சற்று மடங்கியிருக்கும்படி வையுங்கள். குதிகால் தரையில் ஊன்றியிருக்க, பாதம் மட்டும் மேலெழ வேண்டும். அந்தரத்தில் தொங்கும் கால் நடுங்கும். தேவனாம்பட்டினம் கடற்கரையிலிருந்து மணலோடு வரும் ரப்பர் செருப்பு பெடலில் வழுக்கும். அதைக் கழற்றி ஓட்டுநர் காலடியிலேயே போடுகிறார்களே, அது இன்னும் மோசம். பிரேக்குக்கு அடியில் போய்ச் செருகிக்கொள்ளும்.

முதலிலிருந்து இரண்டாவது கியருக்கு மாறும்போது தலை முன்னும் பின்னும் ஆடுகிறதா? அந்த இரு கியர்களுக்கும் இடைவெளி அதிகம். அங்கே கிளட்சைக் கொஞ்சம் நிதானமாக விடுங்கள். மேல் கியர்களில் அவ்வளவு காத்திருக்க வேண்டியதில்லை.

நன்றாக ஓட்டக் கற்றவர்களுக்கும் ஒரு கெட்ட பழக்கம் ஒட்டிக்கொள்கிறது. கிளட்ச் பெடல்மீது காலை வைத்தபடியே ஓட்டுவது. புதுச்சேரி சாலையில் அரியாங்குப்பம் நெரிசலில் கால் அங்கேயே குடியிருக்கும். பாதத்தின் கனம் போதும், பெடல் சற்றே அழுந்தி, கிளட்சைப் பிரிக்கும் பேரிங் ஓயாமல் உராயும். பிளேட் முழுதாகப் பிடிக்காமல் சூடேறும். கருகிய வாடை வந்தால் பக்கத்து வண்டி என்று நினைக்காதீர்கள், உங்களுடையதுதான். நெரிசலில் சில நொடிக்கு மேல் நிற்க வேண்டியிருந்தால் நியூட்ரலுக்கு வந்து காலை எடுத்துவிடுங்கள். பாலத்துச் சரிவில் வண்டி பின்னால் போகாமல் அரைக் கிளட்சிலேயே நிறுத்தி வைப்பதைச் சிலர் திறமை என்று நினைக்கிறார்கள். பிளேட்டை மாற்றும் செலவைக் கேட்டால் அந்த எண்ணம் போய்விடும். கிளட்சோடு கியர்பெட்டியையும் இறக்கி ஏற்ற வேண்டும்.

கடலூர் தட்டையான ஊர். அதனால் ஏற்றம் என்றாலே எங்கள் மாணவர்களுக்கு நடுக்கம். நான் கேப்பர் மலைச் சாலைக்கு அழைத்துச் செல்வேன். செங்குத்தான ஏற்றத்தில் நிறுத்தி, பின்னுக்கு உருளாமல் மறுபடி எடுக்கத் தெரிய வேண்டும் என்பது 1989ஆம் ஆண்டின் மத்திய மோட்டார் வாகன விதிகளில் ஓட்டுநர் தேர்வுக்குச் சொல்லப்பட்ட ஒன்று. ஹேண்ட் பிரேக்கை இழுத்துக்கொள்ளுங்கள், முதல் கியர் போடுங்கள், ஆக்சிலரேட்டரை லேசாக அழுத்துங்கள், கிளட்சைப் பிடிக்கிற இடத்துக்குக் கொண்டுவாருங்கள். வண்டி முன்னே போகத் துடித்துக்கொண்டு நிற்கும். அப்போது ஹேண்ட் பிரேக்கை இறக்கினால் தானாக ஏறும். சில புதிய கார்கள் ஓரிரு நொடி தாமாகவே பிடித்துக்கொள்ளும். அதை நம்பி இதைக் கற்காமல் விடாதீர்கள்.

இறக்கத்தில் கிளட்சை மிதித்துக்கொண்டே உருள்பவர்களைப் பார்த்தால் எனக்குக் கோபம் வரும். இன்ஜினின் பிடி விட்டுப்போய், சுமை முழுவதும் பிரேக்கின் தலையில் விழுகிறது. வேகத்தைக் குறைக்க முதலில் பிரேக். வண்டி அணையப்போகும் கடைசியில்தான் கிளட்ச்.

அணைந்துவிட்டால் செய்ய வேண்டிய வரிசையை மட்டும் மாணவர்களை வாய்விட்டுச் சொல்ல வைப்பேன்: ஹேண்ட் பிரேக், கிளட்ச், நியூட்ரல், சாவி. பின்னால் நிற்பவரின் ஹாரன் இந்த வரிசையில் எங்கும் இல்லை.

சென்ற ஆண்டு ஓய்வு பெற்ற தலைமையாசிரியை ஒருவர் படித்தார். அறுபது வயதில் தொடங்கியவர். முதல் நாள் பதினேழு முறை அணைத்தார், எண்ணிக்கொண்டிருந்தது அவர்தான். உரிமம் வாங்கிய பின் மகள் வீட்டுக்குப் புதுச்சேரி வரை தனியாகப் போய்விட்டு அன்றிரவு பேசினார்.

"மரப்பாலம் சிக்னலில் ஒரு முறை அணைந்தது மாஸ்டர். பின்னால் பஸ்காரர் விடாமல் ஹாரன் அடித்தார். அடிக்கட்டும் என்று ஹேண்ட் பிரேக்கை இழுத்துவிட்டுத்தான் சாவியைத் திருகினேன்."